லில்லி என்று நான் சொன்னது

அன்பும் பொறுமையும் மிகுந்த என் அக்காவுக்கு,

உங்களுக்கு எந்தப் பூ பிடிக்கும்?

எனக்குத் தெரியாது. தாவரவியலில் பட்டம் வாங்கி, இருபது வருடத்துக்கு மேலாக வவுனியாவில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பூவின் பாகங்களைக் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள் நான். வயதும் ஐம்பதை நெருங்குகிறது. இருந்த ஒரேயொரு அக்காவுக்குப் பிடித்த பூ எது என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. தெரியாமல் இருப்பதுகூட மன்னிக்கக்கூடியதாக இருக்கலாம். நான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இறந்தவர்கள் கடிதம் வாசிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. உங்களுக்கு அது தெரியும். என் நம்பிக்கையீனத்துக்காக மடு மாதா கோயிலில் தனியாக ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறவர் நீங்கள் என்று பிறகு அத்தான் சொல்லித்தான் அறிந்தேன். ஆகவே இதை உங்களுக்கு எழுதினாலும், வாசிக்கப்போகிறவர்கள் நமது பங்கு மக்கள் என்பதைத் தெரிந்துகொண்டே எழுதுகிறேன். தை மாதச் செய்திமடலில் ஒரு பக்கம் கேட்டு வைத்திருக்கிறேன். நான் சொன்ன பொய் அச்சில் ஏறிவிட்டது. திருத்தமும் அச்சில் வருவதுதான் முறை.

நாளைக்கு ஜெனிற்றாவுக்குக் கலியாணம், அக்கா. நீங்கள் போகும்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த உங்கள் மகளுக்கு. மாப்பிள்ளை பேசாலைப் பெடியன். இத்தாலியில் வேலை. அவனுக்கு லீவு கிடைத்தது நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில்தான். திருவருகைக் காலத்தில் கலியாணம் வேண்டாம் என்று பங்குச் சுவாமி சொன்னதால் நத்தார் முடிந்து மூன்றாம் நாள் வைத்திருக்கிறோம். இதை எழுதும்போது மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அத்தான் படலையிலிருந்து வாசல்வரை பலகை போட்டிருக்கிறார். கடல்பக்கத்துக் காற்று காலையிலிருந்து கதவை அடித்துக்கொண்டிருக்கிறது.

ஜெனிற்றா இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். கைத்தொலைபேசியில் படங்கள் பார்த்துவிட்டு, "விண்டர் வெடிங் சின்னம்மா. எல்லாம் வெள்ளை" என்றாள். பனி மூடிய தேவாலயம், வெள்ளைப் பூ, மணப்பெண்ணின் வாயிலிருந்து ஆவி. அந்தப் படங்களை எட்டிப் பார்த்த சம்பந்தி திரேசம்மா, "என்ன விண்டர் பிள்ளை? மன்னாரில மாரியெண்டா சேறும் நுளம்பும்தான். பூவுக்குப் பக்கத்தில நுளம்புச்சுருளையும் கொளுத்தி வைப்பம், வாயால வராத புகை அதால வரட்டும்" என்றார். உங்களுக்குத் திரேசம்மாவைப் பிடித்திருக்கும். இதையும் நான் ஊகித்துத்தான் சொல்கிறேன்.

அதே நாள்தான் நான் அந்தப் பொய்யைச் சொன்னது. மூன்று மாதத்துக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். சம்பந்தி வீட்டார் முதன்முதல் சாப்பிட வந்திருந்தார்கள். நண்டுக்குழம்பு. கலியாணப் பேச்சு மண்டபத்தில் தொடங்கி, கேக்குக்குப் போய், பூவில் வந்து நின்றது.

"பூ மட்டும் நான்தான் சொல்லுவன்" என்றாள் ஜெனிற்றா. "கோயிலுக்கு, கைக்கு, காருக்கு எல்லாத்துக்கும் ஒரே பூ. அம்மாவுக்குப் பிடிச்ச பூ. அப்பா, அம்மாவுக்கு என்ன பூ பிடிக்கும்?"

அத்தான் நண்டுக்காலை உடைத்துக்கொண்டே சொன்னார்: "என்னைக் கேட்டா? எனக்குப் பிளாஸ்டிக் பூவுக்கும் உண்மைப் பூவுக்குமே வித்தியாசம் தெரியாது எண்டு உன்ர அம்மா ஏசுறவ. சின்னம்மாவைக் கேள். சனிக்கிழமையெண்டா அவவோடதானே பூக்கதை. அந்த நேரம் இந்த வீட்டில ஒருத்தருக்கும் தேத்தண்ணியும் இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் மகள் கையை மேசையில் வைத்துக்கொண்டு, நான் ஏதோ பெட்டியைத் திறக்கப்போவதுபோல் காத்திருந்தாள்.

சனிக்கிழமைகளைப் பற்றி நான் இங்கே சொல்லவேண்டும். ஞாயிறு பூசைக்குப் பீடம் சோடித்துவிட்டு, பின்னேரம் ஐந்து மணிபோல எனக்கு எடுப்பீர்கள். பத்து வருடத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு சனிக்கிழமையும் தவறாமல். நான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்துவேன். உங்கள் குரல் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். எந்தப் பூ வந்தது, எது வரவில்லை, எந்தச் சாடி வெடித்தது, யார் எந்தப் பூவை எங்கே வைத்துப் பழுதாக்கினார். நீங்கள் மூச்சு வாங்கும் இடங்களில் நான் "ஓம் அக்கா" என்பேன். அந்த இடங்களைப் பிடிப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

ஒருமுறை சந்தேகப்பட்டுக் கேட்டீர்கள். "கேக்கிறியோ?"

"ஓம் அக்கா."

"அப்ப நான் இப்ப என்னத்தைப் பற்றிச் சொன்னனான்?"

"பூ."

"என்ன பூ?"

நான் கையிலிருந்த விடைத்தாளைப் புரட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். "சரி சரி, திருத்து. பிள்ளையளுக்கு மாக்ஸைக் குறைச்சுப் போடாத" என்று வைத்துவிட்டீர்கள். அடுத்த சனி ஐந்து மணிக்குத் திரும்ப எடுத்தீர்கள். நான் திருந்தினேனா? இல்லை. ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

அந்த மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரியாது என்று சொல்வதற்கு ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியில் நான் சுவரைப் பார்த்தேன். அத்தானுக்குப் பின்னால் கலண்டர். அந்தோனியார் படம். ஒரு கையில் குழந்தை இயேசு, மற்றக் கையில் வெள்ளை லில்லித் தண்டு.

"லில்லி" என்றேன்.

"லில்லியோ?" என்றார் அத்தான்.

"ஓம். வெள்ளை லில்லி. எப்பவும் சொல்லுவா."

அந்தக் கடைசிச் சொற்களை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். ஜெனிற்றாவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே சின்னம்மா" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "எங்கட வெக்கைக்கு நிக்காது எண்டு பேசாமல் இருந்திருப்பா" என்றேன். "அப்ப மாரியில கலியாணம் வந்தது நல்லதாப் போச்சு" என்று திரேசம்மா சொன்னார். எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு ஒரு நண்டு கூடுதலாக வைத்தார்கள்.

பிறகு அந்தச் சொல் என் கையை விட்டுப் போய்விட்டது. கலியாணத் திருப்பலிக்கு அடிக்கிற சிறு புத்தகம் தெரியும்தானே. இருநூற்றைம்பது பிரதி. அதில் காணிக்கைப் பவனிக்கு ஒரு முன்னுரை ஜெனிற்றாவே எழுதியிருக்கிறாள்: 'எம் அன்புத் தாய்க்கு மிகவும் பிடித்த லில்லி மலர்களை இறைவனின் பாதத்தில் வைக்கின்றோம்.' கீழே, வாசிப்பவர் என்று என் பெயர். கோயில் பக்கமே போகாத சின்னம்மாவை வாசிக்கவைக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. "அம்மாவைப் பற்றி வாசிக்க உங்களுக்குத்தான் உரிமை" என்றாள். பூசை முடிந்ததும் கைப்பூவைச் சவக்காலைக்குக் கொண்டுபோய் உங்கள் கல்லறைத் தலைமாட்டில் வைப்பதாகவும் நினைத்திருக்கிறாள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஹனீபா நானாவின் பூக்கடைக்குப் போனேன். புத்தளத்திலிருந்து திரும்பிவந்து உப்புக்குளத்தில் கடை போட்டிருக்கிறாரே, உங்களுக்குச் சனிக்கிழமைப் பூ தருகிறவர். பூவுக்குக் கொடுத்த ஓடரைச் சரிபார்க்கத்தான் போனேன். அவர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "லில்லிதானே டீச்சர், சொல்லியாச்சு. நுவரெலியாவில இருந்து முதல்நாள் காலம வந்திரும்" என்றார். பிறகு கொப்பியை மூடினார்.

"ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ நானா."

"உங்கட அக்கா எந்தக் காலத்தில லில்லி வாங்கினவ?"

நான் சாடியில் இருந்த ஏதோ இலையைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"பத்து வருசம் என்ட கடைக்கு வந்தவ. ரோசா எடுப்பா, ஜெர்பரா எடுப்பா, ஒண்டும் இல்லாட்டி வெறும் பச்சை இலையெண்டாலும் எடுப்பா. லில்லி வந்திருந்தா மட்டும், 'நானா, அந்த வாளியை அங்கால தள்ளுங்கோ, எனக்குக் காணவே ஏலாது' எண்டுவா. முதல்ல ஒருக்கா கோயில் பெருநாளுக்கு வச்சு, அதிட மஞ்சள் தூள் கொட்டி, பீடத்துணி முழுக்கக் கறை. எந்தக் காலத்திலயோ வந்த லேஸ் துணியாம். கழுவக் கழுவப் பரவிச்சாம். அண்டைக்கு இந்தக் கதிரையில இருந்து அழுதவ, டீச்சர்."

நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். நீலநிறப் பிளாஸ்டிக் கதிரை.

"நான் சொன்னன், விடுங்க, துணிதானே எண்டு. அவ சொன்னா, 'இல்ல நானா, என்ட தங்கச்சி பொட்டனி படிச்சவ. பூவைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒண்டும் இல்ல. இந்தக் கறைக்கு என்ன செய்யிறதெண்டு கேட்டுட்டு வாறன்.' அடுத்த சனி கேட்டன், என்னவாம் தங்கச்சி எண்டு. 'அவளுக்கு இப்ப வேலை கூட, இந்தக் கிழமை கேக்கிறன்' எண்டா. அதுக்கு அடுத்த கிழமையும் கேட்டன். அதே கதைதான். பிறகு நான் கேக்கிறதில்ல."

அக்கா, நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒருமுறை அல்ல, இரண்டு மூன்று முறையாவது கேட்டிருப்பீர்கள். நான் "ஓம் அக்கா" என்றிருப்பேன். கறைக்கு என்ன செய்வது என்று கேட்ட கேள்விக்கு ஓம் என்று பதில் வந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை நானாவிடம் சொல்லாமல், எனக்கு வேலை கூட, நேரமில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒரு கடைக்காரருக்கு முன்னால் என் மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

"நீங்க மறந்திருப்பீங்க டீச்சர்" என்றார் நானா.

"ஓம். மறந்திட்டன் போல" என்றேன். பாருங்கள், அங்கேயும் ஒரு பொய். மறப்பதற்கு முதலில் கேட்டிருக்கவேண்டும்.

"பிள்ளைக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டேன்.

"நான் சொல்லேல்ல. அம்மாட பூ, அம்மாட பூ எண்டு வாய் நிறையச் சொல்லுது. வெளி மனுசன் நான், அதில போய் மண்ணைப் போடுறதா? நீங்க சொந்தம். நீங்க சொல்லுங்க."

கடையை விட்டு இறங்கும்போது திரும்பிக் கேட்டேன். கேட்கவே வாய் கூசியது. "அப்ப அக்காவுக்கு உண்மையா எது பிடிக்கும் நானா?"

"என்னட்டயா கேக்கிறீங்க?" என்றார். பிறகு, நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கவேண்டும். "எனக்குத் தெரியாது டீச்சர். எது ஞாயிறு பின்னேரம் மட்டும் வாடாம நிக்கும் எண்டுதான் கேப்பா. தனக்கெண்டு ஒரு பூவும் கேட்டதில்ல."

அன்றே சொல்லியிருக்கலாம். பதினான்கு நாள் இருந்தது. வேறு பூவுக்கு நேரம் இருந்தது. புத்தகத்தில் ஒரு தாளை மாற்றி அடிக்கவும் நேரம் இருந்தது. சொல்லப் போனேன். ஜெனிற்றா சாரிச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் கொக்கி பூட்டிவிடச் சொன்னாள். பூட்டும்போது, "உங்களாலதான் சின்னம்மா அம்மா பக்கத்தில நிக்கிறமாதிரி இருக்கு" என்றாள். நான் எல்லாக் கொக்கியையும் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். படித்தவர்களுக்கு அதற்கு அதிக நேரம் எடுக்காது. இறந்தவருக்கு விருப்பு வெறுப்பு ஏது? இல்லாத விருப்பத்துக்கு எதிராக ஒரு பொய் யாரைப் பாதிக்கும்? பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கிறது, பூவும் அழகான பூ. இப்படி ஒரு மாணவி எனக்கு எழுதித் தந்திருந்தால், கேட்ட கேள்விக்கு இது விடை இல்லை என்று சிவப்புப் பேனையால் எழுதியிருப்பேன். கேள்வி உங்கள் விருப்பத்தைப் பற்றியது அல்ல. நீங்கள் பேசினீர்கள், நான் கேட்கவில்லை, கேட்டதுபோல் எல்லோரையும் நம்பவைத்திருக்கிறேன் என்பதைப் பற்றியது. உங்கள் மகள் என் மூலமாக உங்களைத் தொடுவதாக நினைக்கிறாள். அவள் தொடுவது கலண்டர் படத்தை.

நான் கெட்டவள் என்று எழுதி முடித்துவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். உண்மை அதைவிடச் சிறியது. உங்கள் பேச்சு எனக்கு முக்கியமாகப் படவில்லை. பூ வைப்பது, துணி கழுவுவது, திரி வெட்டுவது. நான் பல்கலைக்கழகம் போனவள், நீங்கள் கோயில் பெண்கள் கூட்டத்தில் பீடம் சோடிக்கிறவர். ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கணக்கில்தான் தொலைபேசியை மேசையில் வைத்தேன். உங்கள் சவப்பெட்டிக்குள் என்ன பூ வைத்தார்கள் என்றும் எனக்கு நினைவில்லை. அன்று பார்த்தேனா என்றே நினைவில்லை.

இன்று காலை லில்லி வந்துவிட்டது. எட்டு வாளி. உங்கள் விறாந்தையில் வரிசையாக வைத்திருக்கிறோம். பாதி மொட்டு, பாதி விரிந்தது. வாசம் வீடு முழுக்க. அத்தான் இரண்டு தரம் தும்மிவிட்டு, "உங்கட அக்காவுக்கு இந்த மணம் எப்படிப் பிடிச்சதோ" என்றார். பகிடியாகத்தான். நான் துணி மடிக்கப் போவதுபோல் உள்ளே போனேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இது, அக்கா. லில்லியின் மகரந்தத்தில் எண்ணெய்த்தன்மை உண்டு. அதனால் தண்ணீர் படக்கூடாது, கையால் துடைக்கவும் கூடாது. துணியை அப்படியே தூக்கி உதறவேண்டும். மிச்சத்தை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கவேண்டும். கொஞ்சம் கறை நின்றால் வெயிலில் போடலாம், போய்விடும். அதைவிட நல்லது, பூ விரிந்த உடனேயே உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் விரலால் கிள்ளிவிடுவது. தூள் உதிரத் தொடங்குமுன் கிள்ளினால் கறையே வராது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். உங்களுக்கு நான் சொல்லவில்லை.

இதை எழுதிமுடித்ததும் விறாந்தைக்குப் போய் விரிந்த பூக்களிலெல்லாம் கிள்ளிவிடப் போகிறேன். அது சுலபம். மற்றது சுலபமல்ல. இப்போது அங்கே ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். பேசாலையிலிருந்தும் வந்திருக்கிறார்கள். ஜெனிற்றா கைக்கு மருதாணி போட்டுக்கொண்டு நடுவில் இருக்கிறாள். இப்படிச் சொல்லும்போதே இன்னொரு சாட்டுத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிகிறது.

நாளைக் காலையில், அவள் கோயிலுக்கு வெளிக்கிட முன்னர், சொல்லிவிடுவேன். அந்த வசனத்தை ஒலிவாங்கியில் வாசிக்கமாட்டேன். இனிமேல் உங்களைப் பற்றி யார் கேட்டாலும், தெரிந்ததை மட்டும் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். கூடுதலாக வாக்குக் கொடுக்க எனக்குத் தகுதி இல்லை. இதைக் காப்பாற்றுவேன்.

நீங்கள் 'வேலை கூட' என்று சொல்லிக் காப்பாற்றிய,
உங்கள் தங்கச்சி.

மறுநாள் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்கு ஜெனிற்றாவின் அறைக்குப் போனேன். தலை அலங்காரம் செய்கிற பெண் வாயில் கொண்டையூசிகளோடு நின்றாள்.

"ஜெனி, ஒரு விசயம் சொல்லோணும்."

"சொல்லுங்கோ சின்னம்மா. தலையை மட்டும் திருப்பேலாது."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நாலைந்து வசனம். கலண்டரையும் சொன்னேன். சனிக்கிழமைகளையும் சொன்னேன்.

"அப்ப அம்மாவுக்கு லில்லி பிடிக்காதோ?"

"பிடிக்காது. பீடத்துணியைப் பழுதாக்கும் எண்டு."

"தெரியாது எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"வெக்கமா இருந்தது."

"மூண்டு மாசமாவோ?"

அலங்காரக்காரப் பெண் கையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் செய்யுங்கோ அக்கா, நேரம் போகுது" என்றாள் ஜெனிற்றா. பிறகு, "எனக்கும் தெரியாது" என்றாள். "தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கேக்கிறன்? நான் அவவின்ர மகள். ஒரே வீட்டில இருந்தனான்." ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னாள்.

நான் எழும்பினேன். "நில்லுங்கோ" என்றாள். "காணிக்கைக்கு நீங்கள்தான் வாசிக்கிறீங்கள். புத்தகத்தில இருக்கிறதை வாசிக்க வேண்டாம். அம்மாவைப் பற்றி உங்களுக்கு உண்மையா தெரிஞ்ச ஒண்டைச் சொல்லுங்கோ. ஒண்டு காணும். இப்ப போங்கோ, நான் அழுதா இதெல்லாம் திரும்பப் பூசோணும்."

கோயிலுக்கு வான் வண்டியில் போகும்போது தேடினேன். பூசை தொடங்கியபிறகும் தேடினேன். காணிக்கை நேரம் வந்ததும் போய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று இதைச் சொன்னேன்:

"என் அக்காவுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் இருப்பது நான் சொன்ன பொய். எனக்குத் தெரிந்தது ஒன்று. அக்காவுக்கு மன்னார்ப் பாலத்தைக் கடக்கப் பயம். நான் பல்கலைக்கழகத்துக்குப் போக முதன்முதல் பஸ் ஏறியபோது துணைக்கு வந்தார். பாலத்தில் ஏறியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். மறுகரை வந்தபிறகு, பக்கத்தில் இருந்தவர்களிடம், 'தங்கச்சிக்குப் பயம், அதுதான் பிடிச்சனான்' என்றார்."

பேசாலைப் பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. திரேசம்மாவாக இருக்கவேண்டும். அத்தான் தலை குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. ஜெனிற்றா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பூக்களைக் கொண்டுபோனவர்கள் பீடத்தின்மேல் வைக்கவில்லை, கீழே தரையில் வைத்தார்கள். அவள் சொல்லியிருக்கிறாள்.

மண்டபத்தில் அவள் என்னோடு பேசவில்லை. படத்துக்குக் கூப்பிட்டார்கள், போய் நின்றேன். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையும் அவளும் மடுவுக்கு வெளிக்கிட்டார்கள். கைப்பூவைச் சவக்காலைக்குக் கொண்டுபோகவில்லை. அது காரின் பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

கார் நகரும்போது கண்ணாடி இறங்கியது.

"சின்னம்மா, அம்மா எந்தக் கையைப் பிடிச்சவ?"

"இடது கை" என்றேன். "யன்னல் பக்கம் என்னை விட்டிட்டு, தான் இந்தப் பக்கம் இருந்தவ."

அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடி ஏறியது. கார் பாலத்துப் பக்கம் திரும்பியது.